ஆமேனுக்குப் பிறகு

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஆமேன் சொன்ன பிறகு, ஜெபத்தில் சொன்னதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆண்டவரிடம் சொன்னது ஆண்டவரோடு போயிற்று. ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது, விளக்கமும் சொல்லக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் அந்த வீட்டு அம்மாதான்.

தெருவில் அவளை ஜெபக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, கண்ணை மூடி வாயைத் திறந்தாளானால் சபையில் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வருகிறவர்கள், எல்லாரும் முதலில் அவள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போதகரிடம் போவார்கள். போதகருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். அவள் செய்தது நடிப்பு கிடையாது. விடியுமுன் எழுந்து, ஜன்னலோர நாற்காலியில் தனியாக உட்காரும்போது, பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தது போலவே அவளுக்கு இருக்கும். அந்த நேரத்துக்காகவே அவள் உயிரோடு இருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

புருஷன் சலவைக் கூடத்தில் பாய்லர் பார்ப்பவர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற துணி வேகவும் காயவும் தேய்க்கப்படவும் நீராவி வேண்டும். அந்த நீராவியைக் கொடுக்கிற பாய்லரின் பக்கத்தில் நாளெல்லாம் நிற்பதுதான் அவர் வேலை. மனிதருக்குப் பேச்சு குறைவு. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க ஒன்பது தடவை கேட்க வேண்டும். ஒரே மகள். அவளும் அப்பாவைப் போலத்தான், கேட்டதற்குப் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்து குடும்ப ஜெபம் செய்வார்கள். வேதத்தில் ஒரு பகுதி வாசித்து முடித்ததும் முதலில் மகள் ஜெபிப்பாள், அடுத்து அப்பா, கடைசியில் அம்மா. அம்மா ஆமேன் சொன்னால்தான் நாள் தொடங்கும்.

சட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் ஒரு காலை அவர் ஜெபத்தில், "ஆண்டவரே, இவளுக்குக் கொஞ்சம் பொறுமையைக் கொடும்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஆமேன் வாயிலிருந்து வந்த சூட்டோடு அவள் டீ டம்ளரைச் சுவரில் அடித்தாள். என்னைப் பற்றி ஆண்டவரிடமே கோள் மூட்டுகிறீர்களா என்று கேட்டு, ஒரு வாரம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. அப்போது இருந்த போதகர் வந்து சமாதானம் பண்ணி வைத்தார். ஆண்டவருடைய பாதத்தில் வைத்ததை மறுபடியும் கையில் எடுக்காதீர்கள் என்று ஏதோ சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சொன்னவர் தெரு முனை தாண்டுமுன் மறந்திருப்பார். இவள் பிடித்துக்கொண்டாள். இவள் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான்.

சட்டத்தால் வீட்டுக்கு நன்மையும் இருந்தது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அந்த மனிதர் ஜெபத்தில் சொல்லிவிடுவார். "ஆண்டவரே, சாப்பாட்டுல உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, உமக்குத் தெரியும்" என்பார். அம்மா ஆமேன் என்பாள். மறுநாள் உப்பு சரியாக இருக்கும். யாரும் எதுவும் பேச மாட்டார்கள். மகளுக்குப் பள்ளிக்கூடச் செருப்பு அறுந்துபோனதும் அப்படித்தான் வீட்டுக்குத் தெரியவந்தது, அவர் முதுகுவலியும் அப்படித்தான். மகள் வயசுக்கு வந்ததே ஆண்டவருக்குச் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று அவள் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்வாள். உண்மைதான், சண்டை கிடையாது.

அந்தக் காலையும் எல்லாக் காலையும் போலத்தான் தொடங்கியது. மகள் இரண்டு வரியில் முடித்தாள். அவர் முறை வந்தது. சொன்னார்.

"ஆண்டவரே, பாய்லர் வால்வு அடிக்கடி திறந்துக்குதுன்னு கம்பி போட்டுக் கட்டிட்டாங்க. அவுத்தா வேலை போயிடும்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீர்தான் பாத்துக்கணும்."

பாய்லர்காரர் பெண்டாட்டிக்கு அந்த வால்வு எதற்கென்று தெரியாமல் இருக்குமா? உள்ளே நீராவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும், அது இல்லாவிட்டால் பாய்லரே குண்டு என்று பல வருஷமாகக் கேட்டவள். பயமாக இருக்கிறது என்று அந்த மனிதர் அதற்கு முன் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆனால் முறை அவளுடையதாகிவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது. எரிகிற சூளையின் நடுவிலும் தம்முடையவர்களைச் சேதமில்லாமல் காக்கிறவரே என்று ஆரம்பித்தாள். நன்றாகத்தான் ஜெபித்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கே கண்ணீர் வந்தது, மனசு லேசாயிற்று. ஆண்டவர் ஏற்றுக்கொண்டார், இனி அவர் பொறுப்பு என்று நிச்சயமாகத் தோன்றியது. ஆமேன் என்றாள்.

அவர் டீ குடித்தார். அவள் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி நீட்டினாள். வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதை மாட்டாமல் அவர் நின்றார்.

"வேற ஒன்னும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒன்னும் இல்லையே. ஏன்?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு போனார்.

நடுப்பகல் ஆவதற்குள் தெருவின் ஜன்னல்கள் எல்லாம் ஒரு குலுக்குக் குலுங்கின. லாரி டயர் வெடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தபோது, சலவைக் கூடத்துக் கூரை இருந்த இடத்தில் வெள்ளையாகப் புகை நின்றது. வெந்துபோன இரண்டு பெண்களை வெளியே தூக்கி வந்தார்கள், அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அவரைப் பெட்டியில் வைத்து மூடித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். வேண்டாம்மா என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பாய்லரில் ஏதாவது கோளாறு என்று உங்கள் வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டார். மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒன்னும் சொல்லலைங்க" என்றாள் அவள்.

பொய் இல்லையே. அவளிடம் அவர் எங்கே சொன்னார்? ஆண்டவரிடம் அல்லவா சொன்னார். ஆமேனுக்கு முந்தினதை ஆமேனுக்குப் பிறகு எடுத்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் ஏது? தவிர, கேட்டேன் என்று சொன்னால், கேட்டுவிட்டு எப்படியம்மா அனுப்பினாய் என்று அடுத்த கேள்வி வரும். கம்பியோ வெடித்ததில் எங்கே போயிற்றோ. பாய்லர் பார்த்தவரின் கவனக்குறைவு என்று விஷயத்தை முடித்துவிட்டார்கள். தூங்கிவிட்டாராம் என்று குழாயடியில் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சலவைக் கூடத்துக்காரர்கள் பெரிய மனசு பண்ணி, அப்பா போனதற்கு ஈடாக மகளுக்கு வேலை கொடுத்தார்கள். துணி மடிக்கிற இடம். புதுக் கூரை போட்டு, புதுப் பாய்லர் இறக்கி, போதகரையே கூப்பிட்டு ஜெபம் பண்ணித் திறந்தார்கள்! என்னத்தைச் சொல்ல.

போதகர் அவள் வீட்டுக்கும் வந்தார். எல்லாம் ஆண்டவருடைய சித்தம் அம்மா என்றார். கம்பியைக் கட்டினது யார் சித்தம் ஐயா என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்டால் கம்பி விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்பார். தலையை ஆட்டி வழியனுப்பினாள்.

ஜெபக்காரம்மாவின் ஜெபம் அதோடு போயிற்று. பெண்கள் கூட்டத்தில் கேட்டால் தொண்டை சரியில்லை என்பாள். காய்ச்சல் பிள்ளையோடு வருகிறவர்களைப் போதகரிடம் அனுப்பினாள். விடியுமுன் எழுவது மட்டும் நிற்கவில்லை. அதே ஜன்னல், அதே நாற்காலி. பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. பெரிய பெரிய வார்த்தைகள் எதுவும் வாய்க்கு வரவில்லை. தினமும் ஒன்றையேதான் சொன்னாள்.

"நீரும் கேட்டீர். நானும் கேட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாள். பதில் வராது. கோபம் பொத்துக்கொண்டு வரும் சில நாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டீரே, உமக்கே நன்றாக இருக்கிறதா என்று கேட்பாள். மற்ற நாட்களில் கோபம் தன் மேலேயே திரும்பும். உப்பு தூக்கல் என்று அவர் ஆண்டவரிடம் சொன்னபோது உப்பைக் குறைத்தது யார்? இவள்தானே? வானத்திலிருந்து தேவதூதன் இறங்கி வந்தா குறைத்தான்? உப்புக்கு மட்டும் காது கேட்டது. வால்வு என்றதும் ஆண்டவர் தலையில் கட்டிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினாள். இதை நினைக்கிற நாட்களில் அவளால் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியாது. மகள் வந்து தோளைத் தொட்டால்தான் எழுவாள். அத்தனையும் அங்கேயே, ஆண்டவர் முன்னிலையிலேயே நடந்தது. சபையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற காலத்தில்கூட அவள் ஆண்டவரிடம் இவ்வளவு உண்மையாகப் பேசினதில்லை.

குடும்ப ஜெபமும் விட்டுப்போகவில்லை, வழக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. இப்போது இரண்டே பேர். மகள் நன்றி ஆண்டவரே என்பாள், அம்மா ஏதோ முணுமுணுத்துவிட்டு ஆமேன் என்பாள். அப்பாவின் நாற்காலியில் தேய்க்க வேண்டிய துணி கிடக்கும்.

ஒரு காலை மகள் நன்றி சொல்லிவிட்டு நிறுத்தவில்லை.

"ஆண்டவரே, புதுப் பாய்லர் வால்வையும் நேத்து கம்பி போட்டுக் கட்டிட்டாங்க. நான் துணி மடிக்கிற மேசை அந்தச் சுவத்தை ஒட்டித்தான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. நீர்தான் பாத்துக்கணும்."

அம்மா முறை. பரலோகத்திலிருக்கிற என்று வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. தொடங்கின வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக, ஜெபத்தின் நடுவில் அவள் கண்ணைத் திறந்தாள்.

மகள் கண்கள் திறந்திருந்தன. நேராக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"போகாதே" என்றாள் அம்மா.

"நீ இன்னும் ஆமேன் சொல்லலையேம்மா."

"சொல்ல மாட்டேன். எந்திரி."

சாப்பாட்டுப் பெட்டி மேசை மேல் கட்டினபடி கிடந்தது. இருவரும் சலவைக் கூடத்து வாசலுக்கு வந்தபோது முதல் சங்கு இன்னும் ஊதவில்லை. மடிக்கிறவர்களும் தேய்க்கிறவர்களும் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெபக்காரம்மாவைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். வேலை நன்றாக நடக்க ஜெபம் பண்ண வந்திருக்கிறாள் என்று நினைத்து, தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டவர்களும் உண்டு.

"கண்ணைத் திறங்க எல்லாரும்" என்றாள் அவள். "வால்வைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. போன தடவையும் கட்டித்தான் இருந்துச்சு. என் வீட்டுக்காரரு தூங்கலை. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கலை."

போன தடவை வெந்துபோன பெண்களில் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் நின்றாள். கழுத்துத் தோல் சுருங்கி, தலை ஒரு பக்கமாகவே திரும்பும் அவளுக்கு. ஜெபக்காரம்மாவையே பார்த்தாள். பிறகு வாசல் படியிலிருந்து இறங்கித் தெருவில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள்.

சங்கு ஊதியது. உள்ளே ஆள் இல்லை. மேலாளர் வந்து நயமாகப் பேசினார், பிறகு மிரட்டினார். ஆஸ்பத்திரித் துணி அழுகுகிறது என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறின பிறகு, குறடு எடுத்து வரச் சொல்லி, இரண்டு பெண்கள் பார்க்கக் கம்பியை வெட்டினார்கள். கழுத்து சுருங்கினவள் அந்தக் கம்பியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். உன் மகள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேலாளர் ஜெபக்காரம்மாவிடம் சொன்னார். வர மாட்டாள் என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள்.

தாயும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். ஒரு உயிர் தப்பியது, அதற்கு மேலும் பல உயிர் தப்பியிருக்கும். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு சுலபமா, ஒரு வார்த்தை சொல்வது இவ்வளவு சுலபமா என்று மனசு அடித்துக்கொண்டது. பேச்சை மாற்ற வேண்டும் போல இருந்தது.

"நீ எப்பலேருந்து கண்ணைத் திறந்துக்கிட்டு ஜெபம் பண்றே?" என்று கேட்டாள்.

"சின்னதுலேருந்து. அப்பாவைப் பாத்துப் பழகினது."

அவள் நின்றுவிட்டாள்.

மகளும் நின்றாள்.

"அப்பா கண்ணை மூடவே மாட்டாரும்மா. உப்புன்னாலும் சரி, முதுகுவலின்னாலும் சரி, உன் முகத்தைப் பாத்துத்தான் சொல்லுவாரு. அன்னைக்கும் உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. நீ ஆமேன் சொல்ற வரைக்கும் பாத்தாரு. அப்புறம்தான் எந்திரிச்சாரு."

"ஏன்டி இவ்வளவு நாளா என்கிட்ட சொல்லலை?"

"ஜெபத்துல நடந்ததைப் பேசக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே."

மகள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். ரோட்டோரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மகள் அவள் கையைப் பிடித்தாள்.

தெருவில் நின்றபடியே, கண்ணை மூடாமல், தினமும் நாற்காலியில் சொல்வதை அவள் சொல்ல ஆரம்பித்தாள். நீரும் கேட்டீர், நானும் கேட்டேன் என்றதும் வழக்கமாக அதோடு நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை.

"அவரு என்கிட்டதான் சொன்னாரு, ஆண்டவரே" என்றாள். "என்கிட்டதான் சொல்லியிருக்காரு."